சேற்றில் சோதிக்காத வண்டிக்குப் பணம் கொடுக்கலாமா?

கார்த்திகை மாதம். இரவெல்லாம் மழை. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளத்தைப் போன்ற ஒரு கிராமம். ஏரிக்குக் கீழே வயல்கள். வயலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு மண் பாதை.

அந்தப் பாதையில் ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது. வண்டி நிறையக் கத்தரிக்காய் மூட்டைகள், வெண்டைக்காய் மூட்டைகள். எல்லாம் விடிவதற்குள் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு.

என்ஜின் உறுமுகிறது. ஆனால் வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை!

பின்பக்கத்து இடது சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அது மட்டும் காற்றாடி போலச் சுற்றுகிறது. சேற்றை வாரி இறைக்கிறது. வலது சக்கரமோ கெட்டியான மேட்டின் மேல் இருக்கிறது. அது அசையவே இல்லை.

"ஏம்பா, அந்தப் பக்கத்துச் சக்கரம் நல்ல தரையிலதானே இருக்குது? அது ஏன் சுத்த மாட்டேங்குது?" என்று கேட்கிறார் வயதான விவசாயி.

"அதான் தெரியல மாமா. ஆக்சிலேட்டரை மிதிச்சா சேத்துல இருக்கறதுதான் சுத்துது" என்கிறான் வண்டி ஓட்டும் இளைஞன்.

கல்லைப் போடுகிறார்கள். வைக்கோலைப் போடுகிறார்கள். நாலு பேர் தள்ளுகிறார்கள். பலன் இல்லை. கடைசியில் ஒரு டிராக்டர் வருகிறது. கயிறு கட்டி இழுத்து வெளியே விடுகிறது. வண்டி மார்க்கெட்டுக்குப் போகும்போது நல்ல விலைக்கு வாங்கும் வியாபாரிகள் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் கேட்பது அடிமாட்டு விலை.

மழைக் காலத்தில் எத்தனையோ கிராமங்களில் நடக்கிற காட்சி இது.

குற்றம் மழையின் மேலா? டிரைவரின் மேலா? இரண்டும் இல்லை. வண்டி வாங்கும்போது ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. விற்றவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. பல லட்சம் ரூபாய் கை மாறிய இடத்தில், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது.

அது என்ன கேள்வி?

"இந்த வண்டியின் டிபரன்ஷியல் எப்படிப்பட்டது? சேற்றில் சோதித்துப் பார்த்தீர்களா?" என்பதுதான்.

டிபரன்ஷியல் என்றால் என்ன?

லாரியின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, பானையைப் போல உருண்டையாக ஒரு பெட்டி இருக்கும். அதற்குள்ளே பல் சக்கரங்கள் இருக்கின்றன. என்ஜினில் இருந்து வரும் சக்தியை இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அதுதான். அதற்குத்தான் டிபரன்ஷியல் என்று பெயர்.

எதற்காகப் பிரிக்க வேண்டும்? இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டில் மாட்டிவிட்டால் என்ன?

மாட்டலாம். ஆனால் வண்டி திரும்பாது!

செக்கு சுற்றும் மாட்டைப் பாருங்கள். செக்குக்குப் பக்கத்தில் நடப்பவனுக்குச் சின்ன வட்டம். வெளியே நடக்கும் மாட்டுக்குப் பெரிய வட்டம். வண்டிச் சக்கரமும் அப்படித்தான். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும்.

இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால், ஒரு சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டேதான் வர முடியும். டயர் போகும். அச்சும் முறியும்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்குத்தான் டிபரன்ஷியல் வந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனேசிபோர் பெக்கர் என்பவர் 1828-ம் ஆண்டிலேயே, நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திய கதை இது. இன்றைக்கு ஓடும் கார், பஸ், லாரி எல்லாவற்றிலும் அந்தத் தத்துவம்தான் வேலை செய்கிறது.

நல்லதே கெடுதலாகும் இடம்

தார் ரோட்டில் டிபரன்ஷியல் ஒரு வரப்பிரசாதம். சேற்றில் அதுவே சத்துரு!

காரணம் இதுதான். சாதாரண டிபரன்ஷியல் ஒரு தராசு மாதிரி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு தள்ளு சக்தியைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் குறைந்தால் மறு பக்கமும் குறைந்துவிடும்.

கணக்காகப் பார்க்கலாம். வண்டி நகர்வதற்கு 100 கிலோ தள்ளு சக்தி வேண்டும். சேற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை. 20 கிலோவுக்கு மேல் கொடுத்தால் அது வழுக்கிச் சுற்றுகிறது. அப்படியானால் கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் 20 கிலோதான் கிடைக்கும். மொத்தம் 40 கிலோ. வண்டி எப்படி நகரும்?

என்ஜினில் எவ்வளவு குதிரை சக்தி இருந்தாலும் பயன் இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சேற்றுச் சக்கரம்தான் வேகமாகச் சுற்றிக் குழி தோண்டும்.

கிராமத்து விவசாயிக்கு இது புதிதல்ல. டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மருந்தும் தெரியும். டிராக்டரில் "டிப் லாக்" என்று ஒரு பெடல் இருக்கிறது. அதை மிதித்தால் டிபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும். இரண்டு பின் சக்கரங்களும் ஒரே தண்டில் மாட்டியது போல ஒன்றாகச் சுற்றும். சேற்றில் இருக்கும் சக்கரம் வழுக்கினாலும், கெட்டித் தரையில் இருப்பது வண்டியைத் தள்ளி வெளியே கொண்டு வந்துவிடும்.

டிராக்டரில் இன்னொரு வசதியும் உண்டு. இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக். வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். வழுக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மிதித்தால், சக்தி மற்றச் சக்கரத்துக்குப் போகும். இதை எந்தக் காலேஜிலும் படிக்காமலே டிராக்டர் டிரைவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே விவசாயி பிக்கப் வண்டி வாங்கப் போகும்போது, இதில் "டிப் லாக்" உண்டா என்று கேட்பதில்லை. ஷோரூமின் பளபளப்பில் அந்தக் கேள்வி மறந்துபோகிறது!

"நாலு சக்கர இழுவை" முழு உண்மையா?

"எங்கள் வண்டியில் நாலு சக்கரமும் இழுக்கும். எந்தக் காட்டிலும் போகும், எந்த மேட்டிலும் ஏறும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். படத்தில் வண்டி மலை மேல் நிற்கிறது. ஆற்றைக் கடக்கிறது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியை வாங்குகிறவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்னால் ஒரு டிபரன்ஷியல், பின்னால் ஒரு டிபரன்ஷியல். இரண்டும் பூட்டு இல்லாத சாதாரண ரகம் என்றால் என்ன ஆகும்?

வரப்பின் மேல் வண்டி குறுக்கே ஏறுகிறது. முன்பக்கத்து வலது சக்கரமும் பின்பக்கத்து இடது சக்கரமும் தரையை விட்டுத் தூக்கிக்கொள்கின்றன. முன்னால் ஒன்று காற்றில் சுற்றும். பின்னால் ஒன்று காற்றில் சுற்றும். தரையில் இருக்கும் மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். பெயர் நாலு சக்கர இழுவை. அந்த நேரத்தில் ஒரு சக்கரம்கூட இழுக்காது!

இதற்குப் பரிகாரம் பல விதம்.

முதலாவது, டிரைவர் பொத்தானை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் டிபரன்ஷியல். சேற்றுக்கு இதுதான் உறுதியானது.

இரண்டாவது, தானாகவே பூட்டிக்கொள்வது. இதில் ஒரு ரகத்தில், ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று அதிகமாகச் சுற்றினால், உள்ளே இருக்கும் கொக்கி விழுந்து இரண்டையும் சேர்த்துவிடும். டிரைவர் ஒன்றும் செய்ய வேண்டியது இல்லை.

மூன்றாவது, ஓரளவுக்கு மட்டும் வழுக்கலைத் தடுப்பது. லேசான சகதிக்குப் போதும். ஆழமான சேற்றுக்குப் போதாது.

நாலாவது, பிரேக் மூலம் தடுப்பது. எந்தச் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது என்று வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். டிராக்டர் டிரைவர் காலால் செய்வதை இங்கே கம்ப்யூட்டர் செய்கிறது. நீண்ட நேரம் சேற்றில் போராடினால் பிரேக் சூடாகிவிடும்.

இந்த நாலும் ஒன்றல்ல. விலையும் ஒன்றல்ல. ஆனால் விளம்பரத்தில் பார்த்தால் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் மலை ஏறுகிறது!

ஒரு விவசாயி போட்ட சட்டம்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு விவசாயி இதே போல ஏமாந்தார். அவர் பெயர் வில்மட் குரோசியர். நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்.

விளம்பரத்தை நம்பி ஒரு டிராக்டர் வாங்கினார். அது சொன்ன வேலையைச் செய்யவில்லை. அடிக்கடி படுத்துக்கொண்டது. வேறொன்று வாங்கினார். அதுவும் சரியில்லை. மூன்றாவதாக வாங்கிய டிராக்டர் நன்றாக உழைத்தது.

"நல்லது எது, கெட்டது எது என்று விவசாயிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருவரும் இரண்டு முறை ஏமாந்த பிறகா தெரிந்துகொள்ள வேண்டும்?" என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது.

மற்றவர்கள் புலம்பிவிட்டுப் போயிருப்பார்கள். குரோசியர் அப்படிப் போகவில்லை. அவர் மாநிலச் சட்டசபையின் உறுப்பினர் ஆனார். 1919-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. நெப்ராஸ்காவில் எந்தக் கம்பெனி டிராக்டர் விற்க வேண்டுமானாலும், முதலில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சோதனைக்கு விட வேண்டும். முடிவு எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்படும். உதிரிச் சாமான்களையும் அந்த மாநிலத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

1920-ம் ஆண்டில் முதல் டிராக்டர் சோதனை முடிந்தது. பொய்யாக விளம்பரம் செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நல்ல டிராக்டர் செய்தவர்கள் அந்தச் சோதனை முடிவையே விளம்பரமாக வெளியிட்டார்கள். நெப்ராஸ்கா சோதனையின் புகழ் உலகமெங்கும் பரவியது.

ஒரு விவசாயியின் கோபம் எவ்வளவு பெரிய நன்மையாக முடிந்தது, பாருங்கள்!

நம் நாட்டு டிராக்டருக்கு உண்டு

இந்தியா இதில் பின்தங்கிவிடவில்லை. மத்தியப் பிரதேசத்தில் நருமதை நதிக்கு அருகே புத்னி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1955-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் டிராக்டர் பயிற்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தது. 1959-ம் ஆண்டில் இருந்து அங்கே டிராக்டர்களைச் சோதிக்கும் வேலையும் நடக்கிறது.

அங்கே டிராக்டரின் என்ஜின் சக்தியை அளக்கிறார்கள். எவ்வளவு பளு இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். இழுக்கும்போது சக்கரம் எத்தனை சதவிகிதம் வழுக்குகிறது என்றும் கணக்கெடுக்கிறார்கள். உழவுக்கு விட்டுப் பார்க்கிறார்கள். நெல் வயலுக்கு வேண்டிய சேற்றுழவிலும் ஓட்டுகிறார்கள். எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதுகிறார்கள்.

அதாவது, "இந்த டிராக்டர் சேற்றில் எப்படி?" என்ற கேள்விக்கு எழுத்திலே பதில் இருக்கிறது.

பிக்கப் வண்டிக்கு?

பிக்கப் வண்டிக்கும் அரசாங்கச் சோதனை உண்டு. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, எந்தப் புது ரக வண்டியானாலும் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதித்துச் சான்று வாங்கிய பிறகுதான் விற்கலாம். பிரேக் சரியாகப் பிடிக்கிறதா? புகை அளவுக்குள் இருக்கிறதா? விளக்கு, ஹாரன் சரியா? இவற்றை எல்லாம் பார்க்கிறார்கள். இது ரோட்டில் போகிறவர்களின் உயிருக்குப் பாதுகாப்பு. மிகவும் வேண்டியதுதான்.

ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் இந்த வண்டி வெளியே வருமா? பாரத்தோடு வருமா, காலியாக இருந்தால் வருமா? இந்த முடிவை, வாங்குகிறவர் படிக்கும்படி எழுதி, கடையில் யாரும் மாட்டி வைப்பதில்லை.

கம்பெனிகள் சோதிக்காமல் இல்லை. பெரிய கம்பெனிகள் சொந்தமாகச் சோதனைப் பாதைகளே வைத்திருக்கின்றன. மேடு, பள்ளம், மணல், சேறு, தண்ணீர் எல்லாவற்றிலும் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த முடிவு கம்பெனியின் பீரோவுக்குள் இருக்கிறது. விவசாயியின் கைக்கு வருவது வழவழப்பான படப் புத்தகம் மட்டும்!

வாசலிலேயே சோதனைக் களம்

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது.

வண்டிகளைச் சோதிக்கும் பெரிய நிலையம் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரகடம் சிப்காட் பகுதியில், 304 ஏக்கரில் அது அமைந்திருக்கிறது. மோட்டார் வண்டிகளைச் சோதிக்க நாடெங்கும் நிலையங்கள் அமைக்கும் மத்திய அரசாங்கத் திட்டம் 2005-ம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அந்தத் திட்டத்தில் பிறந்ததுதான் ஒரகடம் நிலையம். பெரிய பெரிய என்ஜினீயர்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.

அதே மாவட்டத்தில்தான் ஏரிப் பாசன வயல்களும் இருக்கின்றன. அதே மாவட்டத்தில்தான் பிக்கப் வண்டி சேற்றில் நிற்கிறது. விஞ்ஞானம் ஒரு பக்கம். சேறு இன்னொரு பக்கம். நடுவே ஒரு பாலம்தான் வேண்டும்.

கஷ்டமான வேலையா இது? இல்லை.

இதைச் சோதிப்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட எளிய வழிகள் இருக்கின்றன. வண்டியின் மூன்று சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். ஒரே ஒரு சக்கரத்தைக் கெட்டித் தரையில் விடுவார்கள். உருளை மேல் இருக்கும் சக்கரங்களுக்குப் பிடிப்பு கிடையாது. அந்த ஒற்றைச் சக்கரத்தின் பலத்தில் வண்டி வெளியே வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் டிபரன்ஷியல் நல்லது. வராவிட்டால் சேற்றிலும் வராது.

இன்னொன்று, மேடுகளை மாற்றி மாற்றிப் போட்டு, வண்டியைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்குவது. மற்றொன்று, ஒரு பக்கம் வழுக்கலும் மறு பக்கம் சிமெண்டுமாக உள்ள சரிவில் ஏற்றுவது. மூன்றையும் காலி வண்டியில் ஒரு தடவை, பாரம் ஏற்றி ஒரு தடவை செய்தால் போதும்.

பாரத்தை ஏன் சொல்ல வேண்டும் என்றால், பிக்கப் வண்டியின் குணமே அதில்தான் இருக்கிறது. காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாக இருக்கும். பிடிப்பு குறைந்து வழுக்கும். பாரம் ஏற்றினால் பிடிப்பு அதிகமாகும். ஆனால் சேற்றில் ஆழமாக இறங்கும். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது.

காருக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்களே!

"ஊருக்கு ஊர் சேறு வேறு. இதை எப்படி அளப்பது?" என்று சிலர் கேட்கலாம்.

விபத்தும் ஊருக்கு ஊர் வேறுதான். ஆனாலும் 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் "பாரத் என்கேப்" என்ற திட்டம் நடக்கிறது. காரைக் குறிப்பிட்ட வேகத்தில் மோத விட்டு, எத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். கார் வாங்கும் பட்டணத்துக் குடும்பம், "இதற்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்கப் பழகிவிட்டது. விபத்தை அளக்க முடியும் என்றால் வழுக்கலையும் அளக்க முடியும். உருளை எல்லா ஊரிலும் உருளைதான்!

"எல்லா ஊருக்கும் தார் ரோடு வந்துவிட்டது. இனிமேல் இது எதற்கு?" என்று வேறு சிலர் கேட்கலாம்.

ரோடு ஊருக்கு வந்திருக்கிறது. களத்துமேட்டுக்கு வரவில்லை. வாய்க்கால் கரைக்கு வரவில்லை. செங்கல் சூளைக்கு வரவில்லை. விவசாயியின் நஷ்டம் அந்தக் கடைசி அரை மைலில்தான் இருக்கிறது.

"பூட்டு உள்ள வண்டிக்கு விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியுமா?" என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. எல்லோரும் வாங்க வேண்டியதும் இல்லை. தார் ரோட்டில் மட்டுமே மளிகைச் சாமான் ஏற்றுகிறவருக்கு அது வீண் செலவு. சோதனை முடிவு வெளியே வந்தால் அவரும் தெரிந்துகொண்டு, அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவார். வேண்டியவர் ஏமாறக் கூடாது. வேண்டாதவரும் ஏமாறக் கூடாது. இரண்டு பேருக்கும் பாதுகாப்பு அதுதான்.

வாங்குவதற்கு முன் என்ன செய்யலாம்?

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியுமா? முடியாது. வண்டி வாங்கப் போகும் குடும்பம் தானே சில காரியங்களைச் செய்யலாம்.

முதலில் கேளுங்கள். டிபரன்ஷியல் எந்த ரகம்? பூட்டு உண்டா? பின்னால் மட்டுமா, முன்னாலுமா? வாய் வார்த்தை போதாது. விலைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே பெயருள்ள வண்டியில் ஒரு ரகத்துக்குப் பூட்டு இருக்கும். விலை குறைந்த ரகத்துக்கு இருக்காது.

இரண்டாவது, ஒர்க்ஷாப்பில் பாருங்கள். பின் சக்கரம் இரண்டையும் மெக்கானிக் தூக்கி நிறுத்தட்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால், மற்றது எதிர்ப் பக்கமாகச் சுற்றும். அது சாதாரண நிலை. பூட்டைப் போட்டுவிட்டுச் சுற்றினால் இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகத்தை இப்படிக் கையால் கண்டுபிடிக்க முடியாது. அதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மண்ணில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தால் போதாது. ஒரு பக்கத்துச் சக்கரம் ஈர மண்ணில் இறங்கும்படி நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். கம்பெனி ஆளே ஓட்டட்டும். மறுத்தால், ஏன் என்று கேளுங்கள்!

அந்தச் சமயத்தில் ஓர் எச்சரிக்கை. சுற்றும் சக்கரத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கல் தெறித்தால் கண் போய்விடும். குழந்தைகளைக் கிட்டே விடவே கூடாது. ஒற்றைச் சக்கரத்தை நெடுநேரம் வேகமாகச் சுற்ற விடவும் கூடாது. டிபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல் சக்கரங்கள் சூடேறி நாசமாகிவிடும்.

நாலாவது, பூட்டை எடுக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். கெட்டியான ரோட்டில் பூட்டைப் போட்டபடி திரும்பினால் ஸ்டீயரிங் இழுக்கும், டயர் தேயும், அச்சுக்கும் கேடு. சேற்றைத் தாண்டியதும் பூட்டை எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது, டயரை மறக்காதீர்கள். டிபரன்ஷியல் சக்தியைப் பங்கு போடும். பிடிப்பைக் கொடுப்பது டயர். பட்டன் தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு, பூட்டு இருக்கிறது என்று சேற்றில் இறங்கினால் நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும்!

இந்தச் சோதனைகளுக்கு வீட்டுப் பெண்களும் கூடப் போக வேண்டும். தவணை கட்டுவதற்குக் கழுத்து நகை அடகுக்குப் போகிறது. நகை யாருடையதோ, அவருக்கும் வண்டியைப் பார்க்க உரிமை உண்டு.

உத்திரமேரூர் காட்டும் வழி

இதற்கு வழி அமெரிக்காவில்தான் தேட வேண்டும் என்பதில்லை. இந்த வட்டாரத்து உத்திரமேரூரிலேயே இருக்கிறது.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ம் ஆண்டிலும் 921-ம் ஆண்டிலும் அங்கே கல்வெட்டு வெட்டினார்கள். குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதியை எல்லாம் அதில் எழுதினார்கள். ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம். பொன்னைக் கவனிக்கப் பொன் வாரியம்.

வாரியத்துக்கு வருகிறவருக்கு என்ன வயது இருக்க வேண்டும், எவ்வளவு நிலம் இருக்க வேண்டும், என்ன படித்திருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடம் இல்லை என்றும் எழுதினார்கள். அந்த விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டவில்லை. ஊர் கூடும் மண்டபத்துச் சுவரில் வெட்டி வைத்தார்கள். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள். அதை ஊரறியச் சுவரில் எழுது. அந்தக் கல்வெட்டு சொல்லும் பாடம் இதுதான்.

இன்றைக்கு வேண்டியதும் இதுதான். பிக்கப் வண்டிகளை அரசாங்க நிலையத்தில் சேற்றுக்கும் வழுக்கலுக்கும் சோதிக்க வேண்டும். ஒரகடத்தில் இதைத் தொடங்கலாம். முடிவைத் தமிழில், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி, ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். விற்கும் கடையிலும், ஊராட்சி அலுவலகத்திலும், கடன் கொடுக்கும் பாங்கியிலும் அதை ஒட்ட வேண்டும்.

நல்ல வண்டி செய்யும் கம்பெனிக்கு இதில் பயம் இல்லை. நெப்ராஸ்காவில் நடந்தது போல, அவர்களுக்கு அதுவே விளம்பரம்.

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. பிக்கப் வண்டியை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. ஐந்து வருஷத் தவணை கட்டி வாங்குகிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்!

பொன்னுக்கு உரைகல் உண்டு. பிக்கப் வண்டிக்கு உரைகல் சேறுதான். உரைத்துப் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.